கஞ்சி கொட்டிவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?

கேள்வி: 2020 ஊரடங்கில், அப்போது இரண்டு வயதான என் மகன் வடிகஞ்சியை இழுத்து நெஞ்சிலும் கையிலும் கொட்டிக்கொண்டான். கொரோனா பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மாமியார் சொன்னபடி பேனா மை தடவினோம். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்த பிறகுதான் ஓடினோம். கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. இப்போது அவன் தங்கைக்கு ஒன்றரை வயது. மறுபடி எல்லாம் மூடிக்கிடக்கும் ஒரு காலம் வந்தால் என்ன செய்வது?
- ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: அம்மா, அந்தப் பயம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. ராயபுரம், தண்டையார்பேட்டை மண்டலங்களின் தொற்று எண்ணிக்கையைத் தினமும் செய்தியில் கேட்டுக்கொண்டு, தெருமுனையில் தகரம் அடைத்துக் கிடந்த நேரம் அது. ஆனால் அன்றும் மருத்துவ அவசரத்துக்கு வெளியே போகத் தடை இல்லை, 108 ஓடிக்கொண்டுதான் இருந்தது. தீக்காயம்பட்ட குழந்தைக்குத் தாமதம்தான் பெரிய ஆபத்து.

வடிகஞ்சி வெந்நீரைவிடப் பொல்லாதது. கொழகொழவென்று தோலிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு சூட்டை விடாமல் வைத்திருக்கும். அதனால் முதலில் சட்டையைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காமல், அதைச் சுற்றி வெட்டி எடுங்கள். வீக்கம் வருவதற்குள் வளையல், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பிறகு 20 நிமிடம் சாதாரணத் தண்ணீர். குழாயில் தண்ணீர் வராத நேரமா? குடத்திலிருந்து மக் மக்காக மொண்டு ஊற்றுங்கள். 20 நிமிடம் என்றால் கடிகாரம் பார்த்து 20 நிமிடம். குழந்தை அழுகிறதே என்று இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் காயம் ஆழமாகிறது. காயம் படாத இடத்தைத் துணியால் போர்த்திக் கதகதப்பாக வைத்திருங்கள். ஐஸ் வேண்டாம். மை, டூத்பேஸ்ட், மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம். மை தடவிய காயத்தின் ஆழத்தை டாக்டரால் பார்க்கவே முடியாது.

அப்புறம், குழந்தையின் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அது அவள் உடம்பில் சுமார் 1 சதவீதம். காயம் அதைவிடப் பெரியதா, முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பில் பட்டதா, கொப்புளம் கிளம்பியதா, ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். சுத்தமான பருத்தித் துணியால் மூடினால் போதும். உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

ஆவி பிடிக்கிற சட்டியையும் சொல்ல வேண்டும். கொரோனாவுக்கென்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆவி பிடித்த வீடுகள் எத்தனை! ஆவியால் அந்தக் கிருமி சாகாது, சட்டி கவிழ்ந்தால் தொடை முழுக்க வெந்துவிடும்.

அடுத்தது பாட்டில்கள். சைக்கிளில் வருகிறவரிடம் வாங்கும் பினாயில், ஆசிட், அடுப்புக்கான மண்ணெண்ணெய் எல்லாம் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில்தான் வீட்டுக்குள் வருகின்றன. குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் வயிற்றில் செய்வதைவிட, வாந்தியில் நுரையீரலுக்குள் போய்ச் செய்யும் கேடு பெரிது. ஆசிட் வரும் வழியெல்லாம் இரண்டாவது முறை பொசுக்கும். சானிடைசரும் சாராயம்தான், சின்னக் குழந்தைக்கு ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும். எதுவானாலும் பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். பட்டன் பேட்டரியை (காசு போல வட்டமான சின்ன பேட்டரி) விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட ஓட வேண்டும். அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும்.

கட்டிலிலிருந்து விழுந்தவள் உடனே அழுது, வழக்கம்போல விளையாடினால் வீட்டில் வைத்துக் கவனிக்கலாம். மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கி வழிந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள்.

மகனின் கையையும் ஒருமுறை நீட்டிப் பாருங்கள். தழும்பு முழங்கையை இழுத்துப் பிடித்தால் ஸ்டான்லியின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் காட்டுங்கள். கை அறுவை சிகிச்சைக்குப் பேர்போன இடம் அது. இத்தனை வருடம் கழித்தும் சரிசெய்ய வழி இருக்கிறது.