ஏறும் சரி, இறங்குமா? பழைய கார் வாங்கப் போகிறவர்களின் கேள்விகள்

இந்த முறை எடுத்தவை எல்லாமே கார்க் கேள்விகள். இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்தது. ஆனால் வரியையும் சேர்த்துப் பார்த்தால் புதுக் கார் நம்மில் பலருக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. அதனால் பத்து, பதினைந்து வருடம் ஓடிய காருக்கே இன்னும் மவுசு. எந்தக் கார் என்ன விலை என்று நான் எழுதப்போவதில்லை. இன்று எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும்.

கேள்வி: ஐயா, நானும் கணவரும் ஆசிரியர்கள். வீடு கொட்டகலை, பாடசாலை பொகவந்தலாவைப் பக்கம். பிள்ளைகள் இரண்டு பேர். கையில் 30 இலட்சம் இருக்கிறது, தேவைப்பட்டால் கொஞ்சம் லோன் போடலாம். ஆல்டோவா, பழைய விட்ஸா, வெகன் ஆரா என்று வீட்டில் தினமும் வாக்குவாதம். வெகன் ஆர் மலை ஏறாது என்கிறார் என் தம்பி. எதை வாங்குவது?
– ஆசிரியை, கொட்டகலை

பதில்: தம்பி சொல்வதில் பாதி உண்மை. மேலே போகப் போகக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குப் போய்ச் சேரும்போது தன் பலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழந்திருக்கும். வெகன் ஆர் எஞ்சின் வெறும் 658 சிசி. நாலு பேரும் அரிசி மூட்டையும் ஏறினால் மூச்சு வாங்கத்தான் செய்யும், ஆனாலும் ஏறிவிடும். கொட்டகலையிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை போகிற உங்கள் பாதைக்கு அது போதும்.

மலைநாட்டில் கார் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஏறுமா என்றுதான் கேட்கிறார்கள். ஏறாத கார் பாதி வழியில் நிற்கும், அவ்வளவுதானே. இறக்கத்தில் பிரேக் விட்டுப்போன கார் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், உங்கள் முன்னால் நிற்கிற அந்த ஒரு கார் எப்படி இறங்குகிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் கைக் கியர் உள்ள ஆல்டோவை முதலில் தேடுவேன். 796 சிசி, பாரமில்லாத பொடி. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வரைக்கும் எந்த கராஜ் பாஸிடம் விட்டாலும் பழக்கப்பட்ட கை. ஊரில் இல்லாத சாமானைப் பஞ்சிகாவத்தையில் வாங்கி பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாம். குறையும் இருக்கிறது. பழைய ஆல்டோக்களில் பெரும்பாலும் ஏர்பேக்கும் கிடையாது, ஏபிஎஸ்ஸும் கிடையாது. அதை மனதில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். நல்ல நிலையில் பெரோடுவா விவா எலைட் கிடைத்தால் ஆல்டோவை விட்டுவிட்டு அதை எடுங்கள் என்பேன். 989 சிசி எஞ்சின், டைஹட்சு மீராவின் மறுவடிவம், நாலு பேருக்கு இன்னும் கொஞ்சம் தாராளம். விட்ஸின் எஞ்சினில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வீடு தோட்டத்து ரோட்டில் என்றால் மட்டும் யோசியுங்கள். அந்தக் கற்களில் அடிவாங்கும். யாராவது தோட்டத்தில் வைத்து ஓட்டிய விட்ஸ் என்றால் கீழே குனிந்து எஞ்சின் ஒயில் தொட்டியின் அடியைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும்.

இனிப் பார்க்கும் முறை. காலையில் போங்கள், நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். போனதும் பொனட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம். உள்ளே பச்சை அல்லது சிவப்புக் கூலன்ட் இருந்தால் சரி. துருத் தண்ணீரோ எண்ணெய்ப் படலமோ தெரிந்தால் அங்கேயே திரும்பலாம். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதைக் கொதிக்கவிடாமல் அழுத்தி வைத்திருப்பது அந்த மூடிதான், ஆகவே அதன் ரப்பர் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். எஞ்சின் ஒயில் மூடியின் உட்புறத்தில் வெள்ளையாகக் களிம்பு இருந்தால், கூலன்ட் ஒயிலோடு கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்பார்கள். நம் குளிரில் கொஞ்சத் தூரமே ஓடும் கார்களில் வெறும் ஈரத்தாலும் அது வரும். கூலன்ட் குறையாமல், சுத்தமாக இருந்தால் பயப்படத் தேவையில்லை.

பிறகு ஓட்டம். டவுனைச் சுற்றி ஒரு ரவுண்ட் போய்வருவது ஓட்டமே அல்ல. ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்குங்கள். கியரைக் குறைத்து, காலை எக்ஸலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு கொஞ்ச நேரம் இறங்கி, சட்டென்று எக்ஸலேட்டரை மிதித்து, பின்கண்ணாடியைப் பாருங்கள். நீலப் புகை பொங்கினால் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது. விற்பவர் வீட்டு முற்றத்தில் எவ்வளவு நேரம் ஸ்டார்ட்டில் வைத்தாலும் அது வெளியே வராமல் இருக்கலாம், நீண்ட இறக்கத்தில்தான் காட்டிக்கொடுக்கும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் கோணியிருக்கிறது. இறங்க இறங்க பெடல் ஆழமாகப் போனால் பிரேக் ஒயில் பழசு, அல்லது அதைவிட மோசம். அடியில் போய் நிறுத்தி, இறங்கி மோந்து பாருங்கள். கருகல் வாசம் வந்தால் எந்தச் சில்லு என்று கண்டுபிடியுங்கள். அந்தச் சரிவிலேயே நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை மட்டும் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். திரும்பி ஏறும்போது மூன்றாம் கியரில் அழுத்தி மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்தி வேகம் கூடாவிட்டால் கிளச் முடிந்துவிட்டது. வெகன் ஆர் என்றால், ஏற்றத்தில் நிறுத்தி மெதுவாக எடுக்கும்போதும், ஏற்றத்திலேயே ரிவர்ஸ் போடும்போதும் உடம்பு உதறுகிறதா என்று கவனியுங்கள். உதறினால் அதன் சிவிடி கியர்பெட்டியை ஆட்டோமெட்டிக் தெரிந்த பாஸிடம் காட்டாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

டயரைப் பட்டையில் மட்டும் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டை நிறைய இருந்தாலும் ஆறு, ஏழு வயதான ரப்பர் ஈர ரோட்டில் பிடிக்காது.

கேள்வி: நானுஓயாவில் இருக்கிறோம். பார்த்த காரில் ஏசி வேலை செய்யவில்லை. அதற்காக விலையைக் குறைக்கிறேன் என்கிறார். இந்தக் குளிரில் ஏசி எதற்கு?
– மரக்கறி வியாபாரி, நானுஓயா

பதில்: குளிருக்கல்ல, கண்ணாடிக்கு. மழையில் நாலு பேர் ஏறி கதவைச் சாத்தினால் இரண்டு நிமிடத்தில் உள்கண்ணாடி வெளுத்துவிடும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்தெடுத்து அதைத் துடைப்பது ஏசிதான். ஒரு கையால் துணியைப் பிடித்துத் துடைத்துக்கொண்டு இறம்பொடை வளைவுகளை ஓட்டிப் பார்த்தவர்களைக் கேளுங்கள். காஸ் மட்டும் குறைவா, கொம்ப்ரஸர் போய்விட்டதா என்று ஏசிக் கடையில் காட்டி, திருத்தும் செலவைக் கேட்டு, அந்தத் தொகையைக் கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: அண்ணா, இணையத்தில் 'ஓன்கோயிங் லீசிங்' என்று ஒரு கார் போட்டிருக்கிறார்கள். 9 இலட்சம் கையில் கொடுத்துவிட்டு மீதி 38 மாதத்தையும் நான் கட்ட வேண்டுமாம். லீசிங் கம்பனிக்குப் போகத் தேவையில்லை, லோயரிடம் சத்தியக் கடதாசி முடித்துத் தருகிறேன் என்கிறார். சேர்த்து வைத்த காசு அவ்வளவுதான். எடுக்கலாமா?
– ஹோட்டல் ஊழியர், பண்டாரவளை

பதில்: வேண்டாம் தம்பி.

லீசிங் ஓடுகிற வாகனத்தின் பதிவுப் புத்தகத்தில் இரண்டு பெயர் இருக்கும். பதிவு செய்த உரிமையாளர் ஒருவர். 'அப்சலூட் ஓனர்' என்ற இடத்தில் லீசிங் கம்பனி. காசு முழுக்கத் தீரும்வரை வாகனம் கம்பனியுடையது. தனக்குச் சொந்தமில்லாததை அவர் உங்களுக்கு எப்படி விற்பார்? நீங்கள் இருவரும் எழுதிக்கொள்ளும் சத்தியக் கடதாசி உங்கள் இருவருக்கும் இடையில்தான், கம்பனியைக் கட்டுப்படுத்தாது. நீங்கள் மாதம் தவறாமல் அவர் கையில் கொடுத்து, அவர் கட்டாமல் விட்டால், ஒருநாள் காலையில் ஆட்கள் வந்து உங்கள் வாசலிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போவார்கள். உங்களிடம் இருக்கிற கடதாசியைக் காட்டினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் வெளிநாடு போனாலும், இறந்துபோனாலும் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

இந்தக் கார்தான் வேண்டும் என்றால் அதற்கும் நேரான வழி இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து கம்பனிக் கிளைக்குப் போங்கள். இன்றைக்கு முழுதாகத் தீர்ப்பதற்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். கம்பனி ஒப்புக்கொண்டு உங்கள் பெயரில் புதிய ஒப்பந்தம் போட்டால் பேசலாம். அந்த 9 இலட்சத்தோடு மாதத் தவணையை 38ஆல் பெருக்கிக் கூட்டி, அதே வருடக் காரை ரொக்கத்துக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வயிறு எரியும். லீசிங் உள்ளவரை முழு இன்சூரன்ஸ் கேட்பார்கள், அதையும் கணக்கில் சேருங்கள். கம்பனி மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று வங்கி வெளியிடும் பட்டியலில் பார்க்கலாம். நிதிக் கம்பனி பற்றிய முறைப்பாட்டுக்கு மத்திய வங்கியின் 1935 இலக்கம் இருக்கிறது.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், இதன் தம்பிதான் 'ஓப்பன் பேப்பர்'. விற்பவர் தன் பெயருக்கு மாற்றாமலே, முதல் உரிமையாளர் கையெழுத்து வைத்த வெற்றுப் படிவங்களோடு வாகனத்தைக் கைமாற்றுவது. புறோக்கர்மாருக்கு இது சுலபம், மாற்றுச் செலவும் மிச்சம். உங்களுக்கு வந்த பிறகு, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் சொன்னால் அந்தப் பழைய மனிதரை எங்கே தேடுவீர்கள்? புத்தகத்தில் பெயர் உள்ளவரை நேரில் பார்க்க வேண்டும், அடையாள அட்டையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். மூலப் புத்தகம் வேண்டும், ஃபோட்டோக் கொப்பி போதாது. டோர்ச் அடித்து செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் ஒவ்வொரு எழுத்தாகப் புத்தகத்தோடு வாசியுங்கள். செசி இலக்கத்தைச் சுற்றி வெல்டிங் தழும்போ புதுப் பெயின்டோ இருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடமாகப் புதுப்பிக்கவில்லை என்பதும் முக்கியம். பின்பாக்கியும் தண்டமும் கடைசியில் உங்கள் தலையில்தான் விழும்.

கேள்வி: கொழும்புக்கும் பதுளைக்கும் மாதம் இரண்டு தடவை போய்வருகிறேன். அக்குவா வாங்கலாமா, ஹோண்டா ஃபிட் ஹைபிரிட்டா? ஹைபிரிட் மலைக்குச் சரிவராது என்கிறார்கள்.
– வங்கி ஊழியர், பதுளை

பதில்: இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அக்குவாவில் நாம் நினைக்கிற மாதிரி கிளச்சோ பெல்ட்டோ இல்லாத கியர் அமைப்பு, மலையில் தேய்வதற்கு அதில் அதிகம் இல்லை. ஜிபி5 என்ற மாடல் ஃபிட் ஹைபிரிட்டில் ஏழு கியர், எண்ணெயில் மூழ்காத இரட்டைக் கிளச். கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போகும்போது அந்தக் கிளச் சூடேறும். 2013, 2014இல் ஜப்பானிலேயே ஹோண்டா இந்தக் காரைப் பல தடவை திருப்பியழைத்து மென்பொருளை மாற்றியது. திறந்த நெடுஞ்சாலைக்கு ஃபிட் நல்ல கார்தான். உங்கள் பாதைக்கு அக்குவா என்பேன்.

ஆனால் அக்குவாவில் நீங்கள் வாங்குவது பெட்டரியைத்தான். பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அதைக் குளிரவைக்கும் காற்று சீட்டின் ஓரத்திலுள்ள வலைவழியாகத்தான் போகிறது. அந்த வலையில் தூசும் பிஸ்கட் துகளும் அடைந்திருந்தால் பெட்டரி எத்தனை வருடம் புழுங்கியதோ. நல்ல ஏற்றம் ஒன்று ஏறி வந்த கையோடு ஸ்கேனரைப் போட்டு, பெட்டரியின் ஒவ்வொரு கட்டத்தின் வோல்டேஜும் ஒன்றோடொன்று ஒத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கீழே தொங்கினால் விலையைப் பற்றிப் பேச வேண்டாம், காரையே விடுங்கள்.

நீண்ட இறக்கத்தில் பெட்டரி நிறைந்துவிட்டால் அது மேற்கொண்டு சக்தியை வாங்காது. அதற்குத்தான் கியரில் 'B' என்று ஓர் இடம் இருக்கிறது (பார்க்கிங் 'P' அல்ல), அதைப் போட்டால் எஞ்சின் காரைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். 'D'யிலேயே பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு மலை இறங்கிய கார் எது என்று முன்சில்லுப் பேட்டையும் டிஸ்க்கையும் பார்த்தால் தெரியும்.

கேள்வி: கம்பளையில் ஒரு கார் மிக மலிவாகச் சொல்கிறார்கள். உள்ளே புது வாசம், சீட் உறை எல்லாம் புதிது. வெள்ளத்தில் நின்ற காராக இருக்குமோ என்று அம்மா பயப்படுகிறார்.
– புசல்லாவை

பதில்: அம்மாவின் பயம் நியாயமானது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் களனி கங்கைக் கரையிலும் உங்கள் பக்கத்திலும் தண்ணீரில் நின்ற வாகனங்களைக் கழுவி, உறை மாற்றி விற்பவர்கள் இருப்பார்கள். முன்சீட் பெல்ட்டை முடிவுவரை இழுங்கள். மேல்பாதி சுத்தமாகவும் கடைசி முழத்தில் மண்கறையும் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. சீட் தண்டவாளத்தின் நட்டுகளைப் பாருங்கள், காரின் மற்ற இடங்களுக்குப் பொருந்தாத அளவு துரு இருக்கும். ஸ்பெயார் சில்லைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா என்று தடவுங்கள். கால்விரிப்பைக் கிளப்பி அடியிலுள்ள பஞ்சை அழுத்துங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தால், இன்று ஓடினாலும் ஆறு மாதத்தில் ஒவ்வொரு பல்பாக, ஒவ்வொரு சென்சராகச் செத்துக்கொண்டு வரும். ஹைபிரிட் என்றால் யோசிக்கவே வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பனி இந்த இலக்கத்துக்கு முழு நட்டஈடு கொடுத்திருக்கிறதா என்று விற்பவரிடமே கேளுங்கள், பதிலை எழுதிக் கையெழுத்தும் கேளுங்கள்.

கேள்வி: 2012 கார், மீட்டரில் 48,000 கிலோமீற்றர். நம்பலாமா?
– தலவாக்கலை

பதில்: பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறதா, ஸ்டியரிங் தோல் பளபளக்கிறதா, ஓட்டுநர் சீட்டின் கதவுப்பக்க ஓரம் அமுங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் ஆம் என்றால் மீட்டர் கீழே வந்திருக்கிறது. பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். ஒயில் மாற்றிய பில்களைக் கேளுங்கள், அதில் ஓடிய தூரம் எழுதியிருக்கும்.