மூட்டுல நின்னு மேல பாருங்க: மரம் முறிப்பு, வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல செயின்சா பத்தி ரெண்டு வரி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதம் பூரா மரம்தான். மேற்க காத்து வேற ஆரம்பிச்சாச்சுல்லா, வீட்டுக்கு மேல நிக்க கொப்பு ஒவ்வொண்ணையும் பாத்து எல்லாருக்கும் இப்பம்தான் பயம் வருகு. முடிஞ்ச மட்டும் பதில் சொல்லுகேன்.

வீட்டுக்கு மேற்க ஒரு அயினி நிக்கு, தாத்தா காலத்து மரம், ரெண்டு பேரு சேந்து கட்டிப் புடிச்சாலும் கை எட்டாது. இப்பம் ஓட்டு மேல சாஞ்சு நிக்கு. ஒருத்தன் மெஷினோட வந்து பாத்துட்டு, வடம் கட்டி அந்தப் பக்கமா இழுத்தா அரை மணிக்கூருல சாச்சுரலாம்னு சொல்லுகான். நம்பலாமாண்ணே?
*– அருமனை வாசகர்*

நம்பாதீங்க தம்பி. அரை மணிக்கூருன்னு அவன் சொன்னதுலயே தெரியுது, மரத்து மூட்ட, அதான் அடிய, பாத்தவன் தலையத் தூக்கி மேல பாக்கல.

நீங்களே நாளைக்குக் காலைல சாயா குடிச்சிட்டு அந்த மரத்த ஒரு சுத்து சுத்தி வாங்க. கொஞ்சம் தள்ளி நின்னு, ஒரு கயிறுல கல்லக் கட்டித் தொங்கவிட்டு அதோட மரத்த ஒட்டிப் பாருங்க, எவ்வளவு சாஞ்சிருக்குன்னு தெரிஞ்சிரும். பொறவு கொப்பு எந்தப் பக்கம் கூடுதல்னு பாருங்க. அயினி வெயிலத் தேடிப் போற மரம், வீட்டுப் பக்கம்தான் திறப்பா இருக்கும், அதனால கனமான கொப்பு பூரா ஓட்டுக்கு மேலதான் நிக்கும். மரமும் அந்தப் பக்கம் சாஞ்சு கொப்பும் அந்தப் பக்கமே இருந்தா நாலு பேரு வடத்தப் புடிச்சு இழுக்கறதெல்லாம் பேச்சுக்குத்தான். ஜேசிபில கட்டி இழுப்போம்னு சொல்லுவாங்க, அதுலயும் வடம் அறுந்தா சாட்டை மாதிரி திரும்பி வரும், எதுக்க நிக்கவன் காலி.

இந்த மாதிரி மரத்த நின்ன நிலையில சாய்க்கவே கூடாது. மரம் ஏறத் தெரிஞ்சவன மேல ஏத்தி, ஓட்டுப் பக்கத்துக் கொப்ப முதல்ல எடுக்கணும், ஒவ்வொரு கொப்பையும் மேல ஒரு கவட்டைல வடத்தப் போட்டுக் கட்டி, கீழ ஒருத்தன் இன்னொரு மரத்துல ரெண்டு சுத்து சுத்திப் புடிச்சுக்கிட்டு மெதுவா இறக்கணும். கொப்பெல்லாம் போன பொறவு தடிய மேல இருந்து துண்டு துண்டா எடுத்துட்டு வரலாம். ரெண்டு நாள் ஆகும், கூலியும் கூடும். ஓடும் கழுக்கோலும் மாத்தற செலவோட ஒப்பிட்டுப் பாத்துக்கிடுங்க.

இன்னொண்ணு. வெட்டுகத்தியத் திருப்பிப் புடிச்சு மூட்டச் சுத்தித் தட்டிப் பாருங்க. 'டக் டக்'னு கேட்டா தடி இருக்கு, 'டொப் டொப்'னு மத்தளம் மாதிரி கேட்டா உள்ள பொள்ளல். மூட்டுல காளான் தட்டு தட்டா முளைச்சிருந்தாலும் சந்தேகப்படணும். இத நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல. பத்துப் பன்னெண்டு வருசம் முன்ன திருவட்டாறு பக்கம் ஒரு விளையில பலா மரம் ஒண்ணு, வெளிய பாத்தா நல்ல மினுமினுப்பு, நான் தட்டிப் பாக்கல. வாய் வெட்டி, பின்னால இருந்து நாலு விரக்கடை உள்ள போயிருக்கும், மெஷின் திடீர்னு லேசாப் போச்சு, மரத்தூளு கருப்பா ஈரமா வந்துச்சு, காப்பி மட்டி மாதிரி. அப்பமே நிறுத்தியிருக்கணும். மரம் நான் சொன்ன பக்கம் போகாம திருகிக்கிட்டு மாட்டுத் தொழுவத்து மேல போய் விழுந்துச்சு. பசு அந்நேரம் மேய்ச்சலுக்குப் போயிருந்தது அந்த வீட்டம்மா செஞ்ச புண்ணியம். தொழுவத்து ஷீட்டுக்கு நான்தான் பைசா குடுத்தேன்.

ஏன் திருகிச்சுன்னா, விழற பக்கம் ஒரு வாய் வெட்டி எடுக்கோம்ல, அதுக்கும் பின்னால இருந்து அறுத்துட்டு வரற வெட்டுக்கும் நடுவுல கொஞ்சம் தடிய அறுக்காம விடணும், கதவுக்குக் கீல் மாதிரி அதுதான் மரத்தப் புடிச்சு நேரா இறக்கும். ரெண்டு அடி கனமுள்ள மரம்னா வாய் அஞ்சாறு அங்குலம் ஆழம், நடுவுல விடற தடி ரெண்டரை அங்குலம், பின் வெட்டு வாயோட அடிமட்டத்துக்கு ஒண்ணு ரெண்டு அங்குலம் மேல. பொள்ளல் மரத்துல நடுவுல விடறதுக்குத் தடியே கிடையாது, பொறவு எங்க போய் புடிக்கும்.

நல்லா சாஞ்ச மரத்துக்கு இந்தக் கணக்கும் பத்தாது. பின்னால இருந்து சும்மா அறுத்துட்டே போனா பாதி அறுக்க முன்னமே மரம் நெடுக பிளந்து, பின் பாதி அறுக்கறவன் மூஞ்சி உயரத்துல தூக்கி அடிக்கும். கண்ணு மூடித் திறக்க நேரம் இருக்காது. இது தெரிஞ்ச ஆளுதானான்னு கேட்டுட்டு வேலையக் குடுங்க, கேக்கறதுல வெக்கம் ஒண்ணும் இல்ல.

எங்க பக்கம் வாற ஆளுவ மரம் எல்லாம் கிழக்கப் பாத்துதான் விழும்னு சொல்லுகாங்க, நெசமா?
*– ஆரல்வாய்மொழி வாசகர்*

ஏறக்குறைய நெசம். கணவாய் வழியா வர்ற மேற்க காத்து வருசம் வருசமா தள்ளித் தள்ளி உங்க பக்கத்து மரமெல்லாம் கிழக்க குனிஞ்சுதான் வளருது, சும்மாவா முப்பந்தல்ல அத்தனை காத்தாடி வச்சிருக்கான். காத்து அடிக்க நேரத்துல மரத்துல கை வைக்காதீங்க. இலை நிறைஞ்ச மரம் கப்பல் பாய் மாதிரி, நீங்க போட்ட கணக்கெல்லாம் ஒரு வீச்சுல மாறிரும். காத்து நிக்க நேரம் பாத்து வெள்ளனே தொடங்குங்க.

புதுசா மெஷின் வாங்கி ஆறு மாசம் ஆச்சு. இப்பம் அறுத்தா புகை வருகு, அமுக்கிப் புடிச்சாதான் இறங்குகு. மெஷின் மோசமா?
*– கருங்கல் வாசகர்*

மெஷின் மேல பழி போடாதீங்க. கீழ விழற தூளக் கையில அள்ளிப் பாருங்க. சீவின தேங்கா மாதிரி செதில் செதிலா இருந்தா செயின் கூர்மை, புட்டு மாவு மாதிரி இருந்தா மொட்டை. அமுக்கி அறுக்க வேண்டி வந்தாலே அரம் கேக்குதுன்னு அர்த்தம். எல்லா அரமும் சேராது, செயின் பிட்ச் (கண்ணி இடைவெளி, அங்குலக் கணக்கு) 0.325னா 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம், 3/8னா 5.2 (சில கம்பெனிக்கு 5.5), உங்க புக்குல போட்டிருக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை தேய்க்கணும், ஒரு பக்கம் கூடுதல் தேய்ச்சா வெட்டு வளைஞ்சு போகும்.

புகைக்கு இன்னொரு காரணம் பார் ஆயில், செயின் ஓடுற வாளுக்குப் போற எண்ணெய். தொட்டில ஆயில் இருக்கும், துளை அடைச்சிருக்கும். ஓடுற மெஷின் நுனிய ஒரு வெட்டுன மூட்டுக்கு நேரா தொடாம புடிச்சுப் பாருங்க, ஆயில் கோடு தெறிச்சு விழணும். அயினி, பலா அறுத்தீங்கன்னா அந்தப் பசை தூளோட சேந்து துளைய அடைக்கும், அன்னைக்கே மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சிரணும். தென்னை மூட்டத் தரையோட ஒட்டி அறுத்தா மணலு ஏறி, காலைல அரம் போட்ட செயின் பத்து மணிக்கு மொட்டை.

பெட்ரோல் கலந்து மாசக்கணக்குல போட்டு வைக்காதீங்க. நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில்னா லிட்டருக்கு 20 மில்லி, அன்னன்னைக்குத் தேவையானது மட்டும்.

காத்துல ரப்பர் பதினாலு மூடு பிழுது ஒண்ணு மேல ஒண்ணா கிடக்கு. ஆளு கிடைக்கல. நானே வாடகைக்கு மெஷின் எடுத்து அறுக்கலாம்னு நினைக்கேன். நின்ன மரத்த விட கிடக்க மரம் எளுப்பம்தானே?
*– குலசேகரம் வாசகர்*

இல்ல மக்கா, இதுதான் கூடுதல் பயம். 2017 நவம்பர் 30, ஒக்கி அடிச்ச அன்னைக்கு நம்ம மாவட்டத்துல ரப்பர் எப்படிக் கிடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், தீக்குச்சிப் பெட்டியக் கொட்டின மாதிரி. அதுக்குப் பொறவு மூணு வாரம் நாங்க நாலு பேரு வேற வேலையே பாக்கல, முதல்ல ரோடு, பொறவு கரண்ட் கம்பி, பொறவுதான் தோட்டம். ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ, எங்க கூட வந்த ஒரு பய, வேரோட பிழுது கிடந்த மரம் ஒண்ணு, வேரு பெரிய சுவரு மாதிரி மண்ணோட நிமிந்து நிக்கு, கீழ குழி. நிக்கதுக்குத் தோதா இருக்குன்னு அந்தக் குழிக்குள்ள ஒரு கால வச்சுக்கிட்டு அறுத்திருக்கான். தடிய அறுத்து விட்டதும் இந்தப் பக்கக் கனம் போச்சுல்லா, வேரும் மண்ணும் அப்படியே திரும்பி குழிக்குள்ள உக்காந்துக்கிட்டு. காலத் தூக்கிட்டான். செருப்பு உள்ள போயிட்டு. மூடு நட்டு வச்ச மாதிரி நேரா நிக்கு, அவன் வெறுங்காலோட பக்கத்துல உக்காந்து ஒரு மணிக்கூரு ஒண்ணும் பேசல.

அதனால வேருப் பக்கம் குழியில ஆளும் நிக்கக் கூடாது, பிள்ளையளையும் கிட்ட விடக் கூடாது. நாலஞ்சு அடி தடிய வேரோட விட்டு அறுங்க, முடிஞ்சா வேருக்குப் பின்னால முட்டுக் குடுத்துட்டு அறுங்க.

அடுத்தது வளைஞ்சு கிடக்க தடி. ரெண்டு நுனியும் எதுலயாவது தாங்கிக்கிட்டு நடு அந்தரத்துல இருந்தா மேல் பக்கம் அமுங்கி இருக்கும், கீழ் பக்கம் இழுபட்டு இருக்கும். அமுங்கின பக்கம் முதல்ல மூணுல ஒரு பங்கு, பொறவு இழுபட்ட பக்கத்துல இருந்து மீதி. ஒரு நுனி மட்டும் தாங்கி மறு நுனி தொங்குனா கணக்கு நேர் தலைகீழ், கீழ கொஞ்சம், பொறவு மேல இருந்து. இது மாறிப் போனா ஒண்ணு வாள் மாட்டிக்கும், இல்ல தடி தெறிக்கும். அதுலயும் ரப்பர் சட்டுனு முறியும். பக்கவாட்டுல வளைஞ்சு கிடந்தா வில்லுக்கு உள்பக்கமா நில்லுங்க, வெளிப்பக்கம் நிக்காதீங்க. மேல கிடக்க மரத்துல இருந்து தொடங்கணும், அடில கிடக்கத உருவ நினைக்காதீங்க. கம்பி பக்கத்துல கிடந்தா மின்னகம் 94987 94987க்குப் போன் போட்டு லைன் ஆஃப் ஆனது உறுதியான பொறவுதான் மெஷின எடுக்கணும், தனியா போகவே கூடாது.

அறுத்த தடியப் போட்டு வைக்காதீங்க. ரப்பர் தடியில நாலஞ்சு நாளுலயே நீலம் பாயத் தொடங்கிரும், பொறவு வண்டு துளைக்கும், பெரும்பாவூர் பிளைவுட் கம்பெனிக்குப் போக வேண்டிய தடி விறகு விலைக்குப் போகும். வியாபாரிய முதல்ல பேசி வச்சிட்டு அறுங்க.

பக்கத்து விளைக்காரரோட பட்டுப்போன மரம் எங்க வீட்டுக்கு மேல நிக்கு, சொன்னா கேக்கல. நாங்க முறிக்கலாமா? எங்க விளையில நிக்க தேக்குக்கு அனுமதி வேணுமா?
*– தக்கலை வாசகர்*

அவரு மரத்த நீங்க முறிச்சா கேஸு உங்க மேல வரும். விழற நிலைல இருக்க மரத்த எடுக்கச் சொல்லி உத்தரவு போட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152வது பிரிவு இருக்கு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்து 133தான். உங்களுக்குப் பத்மநாபபுரம் சப் கலெக்டர் ஆபீஸ். ரெண்டு போட்டோ எடுத்து, மரம் சாஞ்சா எந்த அறை மேல விழும்னு எழுதி மனு குடுங்க, ஒரு நகல் சீல் வச்சு வாங்கி வச்சுக்கிடுங்க. முக்கால்வாசி நேரம் நோட்டீஸ் வந்த உடனே அவரே ஆளோட வந்துருவாரு.

தேக்கு, ஈட்டி, சந்தனம் இந்த மூணுலயும் பட்டா நிலம்தானேன்னு கை வைக்காதீங்க. முறிக்க முன்னால வனத்துறை ரேஞ்ச் ஆபீஸுக்கு ஒரு நடை போய் எழுத்துல வாங்கிருங்க. ரோட்டோரத்துப் புறம்போக்கு மரம் உங்க கேட்டுக்கு முன்னால நின்னாலும் உங்க மரம் கிடையாது.

தென்னை அஞ்சு மூடு முறிச்சோம், அடிக்கட்டை அப்படியே நிக்கு. தானா மக்கிப் போகாதா?
*– ராஜாக்கமங்கலம் வாசகி*

மக்கும்க்கா, மக்கற நேரத்துல காண்டாமிருக வண்டு அதுலதான் முட்டை போடும், அப்புறம் நிக்க தென்னையோட குருத்துல ஏறும். தோண்டி எடுத்துருங்க, எடுத்த கட்டையையும் தோப்புல போட்டு வைக்காம விறகுக்குக் குடுத்துருங்க.

கைலி கட்டிக்கிட்டு மரம் அறுக்கலாமா?
*– குழித்துறை வாசகர்*

கைலி செயின்ல சுத்தினா கைலியோட காலும் போகும். பேண்ட், ஷூ, கண்ணாடி, ஹெல்மெட், காதுக்குப் பஞ்சாவது. வாள் நுனியோட மேல் பாதிய எதுலயும் முட்ட விடாதீங்க, முட்டுனா மெஷின் மூஞ்சிக்கு வரும்.

மகாகனி தடி ஒண்ணு குடுத்தோம். நாங்க அளந்தா 20 கன அடி வருகு, வியாபாரி 15 தான்னு சொல்லுகாரு. ஏமாத்துகாரா?
*– வேர்க்கிளம்பி வாசகர்*

நீங்க எழுதியிருக்க அளவு, நடுவுல சுத்து 60 அங்குலம், நீளம் 10 அடி. தடிக் கணக்குல சுத்த நாலா வகுத்து, வந்தத அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கி, 144ஆல வகுப்பாங்க. 60ல நாலுல ஒண்ணு 15, பதினஞ்சு பதினஞ்சு 225, பத்தால பெருக்கினா 2250, 144ஆல வகுத்தா 15.6. நீங்க போட்டது பள்ளிக்கூடத்து வட்டக் கணக்கு, அதுல 19.9 வரும். உருண்டைத் தடியச் சதுரமா அறுக்கையில பக்கத்துல கழியறதுக்குன்னு இந்தக் கணக்குலயே விட்டிருக்காங்க, இது ஊர் பூரா உள்ள கணக்கு, அவரு ஏமாத்தல. ஆனா அந்த 0.6அ ஏன் விட்டாருன்னு கேளுங்க. டேப்ப நடுவுல புடிச்சாரா, இல்ல மெலிஞ்ச நுனில புடிச்சாரான்னும் பாருங்க. தடிய வண்டில ஏத்த முன்னால கேக்கணும், ஏத்தின பொறவு கேட்டா சாயா வாங்கிக் குடுத்துட்டுப் போயிருவாரு.