நூறைத் தொடாத ஆட்டக்காரர்

அன்புள்ள சார்,

ஆஸ்திரேலிய பேஸ்பால் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். அதில் ட்ரென்ட் ஓல்ட்ஜென் பற்றி ஒரு பத்தி. சிட்னிப் பையன், 2001இல் அமெரிக்காவின் மினசோட்டா ட்வின்ஸ் அணி ஒப்பந்தம் போட்டது, அங்கே உச்சத்தில் இருக்கும் மேஜர் லீகில் கால்வைக்க 2009 ஆயிற்று, அப்புறம் மூன்று சீசனில் நூறு ஆட்டம்கூட ஆடவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். எட்டு வருடம் அதற்குக் கீழே மைனர் லீகில் கிடந்தவரைக் கொண்டாட என்ன இருக்கிறது? நிஜமான திறமை இருந்தால் இரண்டு வருடத்தில் மேலே தூக்கியிருக்க மாட்டார்களா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

மைனர் லீகைப் பள்ளிக்கூடம் மாதிரி நினைக்கிறீர்கள், நன்றாகப் படித்தால் அடுத்த வகுப்பு என்று. கீழே ரூக்கி, ஏ, டபுள் ஏ வரைக்கும் ஓரளவு அப்படித்தான். கடைசிப் படியான டிரிபிள் ஏவுக்கு வந்ததும் கதை வேறு. அது மேஜர் லீக் அணியின் டிக்கி. உள்ளே ஸ்டெப்னி கிடக்கும். ஸ்டெப்னி எவ்வளவு நல்ல டயர் என்பதைப் பொறுத்தா அதை மாட்டுகிறோம்? ஓடுகிற டயர் பஞ்சரானால்தான் டிக்கியைத் திறப்போம், அப்போது அதில் காற்று இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஓல்ட்ஜெனுக்கு இன்னொரு சிக்கல், அவர் இடது கையால் எறிபவர். பேஸ்பாலில் இடது கைக்காரரை இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ், இரண்டுக்கும் நடுவே ஷார்ட்ஸ்டாப் பக்கம் நிறுத்துவதே கிடையாது, பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிய உடம்பை ஒரு சுற்றுத் திருப்பவேண்டும், அதற்குள் அடித்தவர் ஓடிச் சேர்ந்துவிடுவார். ஆக, பந்துவீசும் பிட்சராக இல்லாவிட்டால், மைதானத்தின் தொலைவுப் பகுதியான அவுட்ஃபீல்டை விட்டால் முதல் பேஸ்தான். இவர் அவுட்ஃபீல்டர். ஓர் அணியில் அப்போது 25 பேர், அதில் அவுட்ஃபீல்டர் நான்கோ ஐந்தோ. முப்பது அணிக்கும் சேர்த்து அதிகம் போனால் 150 வேலை. அமெரிக்கா, டொமினிக்கன், வெனிசுவேலா, ஜப்பான் எல்லாம் அந்த 150க்குத்தான் நிற்கிறது. கிரிக்கெட்டும் ரக்பியும் போக மிச்சமிருக்கும் இடத்தில் பேஸ்பால் ஆடும் நாட்டிலிருந்து ஒருவர் போய் அந்த வரிசையில் நிற்கிறார். போதாததற்கு 1999இல் ஆஸ்திரேலியாவின் லீகையே மூடிவிட்டார்கள், மறுபடி திறந்தது 2010இல்தான். ஓல்ட்ஜெனின் அந்த எட்டு வருடமும் இந்த இடைவெளிக்குள் அடக்கம்.

காசு பற்றியும் சொல்லவேண்டும். 2009இல் மேஜர் லீகின் குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 400,000 டாலர். சீசன் ஆறு மாதம், நாள் கணக்குப் போட்டால் 2,000 டாலருக்கு மேல். கீழ்த்தட்டு மைனர் லீகில் அந்தக் காலத்தில் ஒரு மாதத்துக்கே அவ்வளவு கிடைக்காது, அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். 2023இல் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கு யூனியன் ஒப்பந்தம் வந்த பிறகுதான் டிரிபிள் ஏவில் வருடத்துக்கு 35,800 டாலர் என்றாயிற்று. இவர் காலத்தில் அதெல்லாம் இல்லை.

நான் ராச்செஸ்டரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். அங்கே ஒரு டிரிபிள் ஏ அணி உண்டு, மைதானத்துக்குப் பக்கத்திலேயே கோடாக் கட்டடம். ஒரு சாயங்காலம் ஐந்தாவது இன்னிங்ஸோடு சென்டர் ஃபீல்டரை, அவுட்ஃபீல்டின் நடுவில் நிற்பவரை, வெளியே எடுத்துவிட்டார்கள். அடிபடவில்லை, நொண்டவுமில்லை. எனக்குக் காரணம் பிடிபடவில்லை. டக்அவுட்டில் பார்த்தால் ஒவ்வொருவராக வந்து அவரைக் கட்டிப்பிடிக்கிறார்கள். பக்கத்து இருக்கைப் பெரியவர் பாப்கார்னை மென்றபடியே, மேலேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள், இனி இவரை இங்கே ஆடவிட்டுக் காலை உடைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்றார். கடைசியாகக் கட்டிப்பிடித்த ஆள் அப்படியே கிளவுஸை எடுத்துக்கொண்டு சென்டர் ஃபீல்டுக்கு ஓடினார். அவர் முகத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓல்ட்ஜெனுக்குக் கதவு திறந்தது 2009 ஆகஸ்டில். அரிசோனா அணியின் நட்சத்திரம் ஜஸ்டின் அப்டனுக்கு விலாப் பக்கம் தசை பிடித்துக்கொண்டது, அந்த அணியின் டிரிபிள் ஏ ஊரான ரீனோவில் ஆடிக்கொண்டிருந்த இவருக்கு அழைப்பு போனது. அப்போது வயது 26. வந்த புதிதில் வெளுத்து வாங்கினார், பிறகு பிட்சர்கள் இவர் பலவீனத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அரிசோனா விட்டுவிட, 2010இலும் 2011இலும் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்காக, அவர்களுடைய டிரிபிள் ஏ ஊரான அல்புகர்க்கிக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் நடுவே பெட்டியும் கையுமாக. சரி, பெரிய ஆட்டக்காரர் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அவரைப் பற்றி "விடாமுயற்சியின் வெற்றி" என்று எழுதுபவர்களைக் கண்டாலும் எனக்கு எரிச்சல்தான். விடாமுயற்சி டிக்கியில் கிடக்கும் எல்லோருக்கும் இருக்கிறது. அப்டனுக்குப் பிடித்த தசை செப்டம்பரில் பிடித்திருந்தால், அல்லது ரீனோவில் இவர் அந்த மாதம் தடுமாறியிருந்தால், உங்கள் கடிதமே வந்திருக்காது. எட்டு வருடமும் காற்று இறங்காமல் இருந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

திறமை இருந்தால் போதும் என்கிறீர்களே, கிளென் வில்லியம்ஸைப் பாருங்கள். இவரும் ஆஸ்திரேலியர், பேஸ்களின் பக்கம் நிற்கும் இன்ஃபீல்டர். 1993இல் அட்லாண்டா அணி பெரும் தொகை கொடுத்து எடுத்த பையன். மேலே வர 2005 ஆயிற்று, அதுவும் ட்வின்ஸில். 13 ஆட்டம் ஆடினார், 13இலும் ஹிட் அடித்தார், அதாவது அடித்துவிட்டுப் பேஸை எட்டினார், சராசரி .425, நூறுக்கு 42 என்ற கணக்கு. அப்புறம் தோள்பட்டை கழன்றது. மறுபடி மேஜர் லீகில் ஒரு பந்துகூட ஆடவில்லை. இதற்குத் திறமைக் கணக்கில் எந்த இடம் கொடுப்பீர்கள்?

இந்த இரண்டு பேரும் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அணியில் இருந்தவர்கள். அரையிறுதியில் ஜப்பான், முழுக்க தொழில்முறை லீக் ஆட்டக்காரர்கள், பிட்சர் மட்சுசாகா. ஆஸ்திரேலியா 1-0 என்று ஜெயித்தது, கியூபாவிடம் தோற்று வெள்ளி. சம்பளச் சீட்டில் பார்த்தால் அந்த ஆஸ்திரேலிய அணியில் பலர் மைனர் லீக்காரர்கள்.

போன வாரம் இடமில்லாமல் விட்டுப்போன ஒன்று. 2014 மார்ச்சில் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் பிட்சர் நிற்கும் மேடு போட்டு, மேஜர் லீக் சீசனையே அங்கே தொடங்கினார்கள். வந்த அணிகள் இரண்டு, அரிசோனாவும் டாட்ஜர்ஸும். ஓல்ட்ஜென் மேஜர் லீகில் ஆடியதும் அந்த இரண்டு அணிகளுக்கு மட்டும்தான். ஊர் அவருடையது, வயது 31, இரண்டு பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. டாட்ஜர்ஸ் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டு விமானம் ஏறியது.