மொத்தத்தில் 12 சதவீதம், ஒரு கோரில் 100

கேள்வி: 8 கோர் உள்ள இரண்டு லினக்ஸ் மெஷின்கள், இடையே 10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு. ஐபெர்ஃப்3 என்ற வேகச் சோதனைக் கருவியில் ஒரு ஸ்ட்ரீம் (டேட்டா இணைப்பு) ஓட்டினாலும் எட்டு ஓட்டினாலும் ஒரே வேகம்தான் வருகிறது. சிபியு 12 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. கார்டு கோளாறா சார்?

கார்டைக் கழற்றாதீர்கள். அந்த 12 சதவீதம்தான் துப்பு. உங்களிடம் இருப்பது 8 கோர், அதாவது சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் எட்டுப் பகுதிகள். 100-ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள். ஒரே ஒரு கோர் மூச்சுத் திணற ஓடுகிறது, மற்ற ஏழும் சும்மா கிடக்கின்றன. மொத்தச் சராசரி இதைக் காட்டாது. சிபியு சுமையைக் காட்டும் எம்பிஸ்டாட் கட்டளையில் கோர் வாரியாக, நொடிக்கு ஒரு முறை பாருங்கள், அதுவும் இரண்டு முனையிலும்.

ஐபெர்ஃப்3 பல வருடங்கள் ஒற்றை த்ரெட் புரோகிராமாகவே இருந்தது. த்ரெட் என்பது ஒரு நேரத்தில் ஒரு கோரில் மட்டும் ஓடும் வேலை இழை. எத்தனை ஸ்ட்ரீம் கேட்டாலும் எல்லாவற்றையும் ஒரே த்ரெட் மாறி மாறித் தள்ளும். 2023 இறுதியில் வந்த 3.16 பதிப்பில்தான் ஸ்ட்ரீமுக்கு ஒரு த்ரெட் என்று ஆனது. இரு பக்கமும் அந்தப் பதிப்போ அதற்கு மேலோ போடுங்கள். முடியாவிட்டால் ஐபெர்ஃப்2 போதும், அது முன்பிருந்தே பல த்ரெட்டில் ஓடுவது.

அதன் பிறகும் ஒரு கோர் நிரம்பினால், எம்பிஸ்டாட்டில் எந்த நெடுவரிசை ஏறுகிறது என்று பாருங்கள். 'சிஸ்' ஏறினால் பெரும்பாலும் சோதனை த்ரெட்டின் சுமை. 'சாஃப்ட்' ஏறினால் பாக்கெட் வாங்கும் இன்டரப்ட் (கார்டு சிபியுவைக் கூப்பிடும் சமிக்ஞை) வேலை. இரண்டுக்கும் மருந்து வேறு.

கேள்வி: புதுப் பதிப்பு போட்டு, எந்தக் கோரில் ஓடுவது என்று சொல்லும் 'ஏ' ஆப்ஷனில் கோர் 2 என்று கொடுத்தேன். வேகம் படுத்துவிட்டது.

அந்த ஆப்ஷன் ஒரு பக்கத்துக்கு ஒரு கோர் எண்தான் வாங்கும். பிறக்கும் த்ரெட்கள் தாய் த்ரெட்டின் கட்டுப்பாட்டையே எடுத்துக்கொள்வதால், உங்கள் எட்டு த்ரெட்டும் கோர் 2-க்குள் நெரிபடுகின்றன. அதை விட்டுவிட்டு புரோகிராமைக் குறிப்பிட்ட கோர்களில் கட்டும் டாஸ்க்செட் கட்டளையில் '2-5' மாதிரி ஒரு வரிசை கொடுங்கள். கார்டின் இன்டரப்ட் எந்தக் கோரில் விழுகிறது என்று ப்ராக் இன்டரப்ட்ஸ் கோப்பில் பார்த்து, அந்தக் கோரை வரிசையில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: 1 ஜிகாபிட் லைனில் 941 மெகாபிட்டுக்கு மேல் போகவில்லை. கோர் மாற்றினால் ஏறுமா?

ஏறாது. கம்பியில் போகும் ஒவ்வொரு 1538 பைட்டிலும் 1448 தான் உங்கள் டேட்டா, மீதி ஹெட்டரும் இடைவெளியும். 941 வந்தால் லைன் நிரம்பிவிட்டது என்று பொருள்.

கேள்வி: இரண்டு சாக்கெட் (இரண்டு சிபியு சிப்) சர்வர். எதையும் தொடாமல் ஓட்டினாலும் ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது.

இதில் நானே இரண்டு இரவு கேபிளையும் மாட்யூலையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன், அதனால் உங்கள் எரிச்சல் புரிகிறது. அப்படிப்பட்ட சர்வரில் கார்டு ஏதாவது ஒரு சாக்கெட்டோடுதான் நேரடியாக இணைந்திருக்கும். சோதனை த்ரெட் அடுத்த சாக்கெட்டில் போய் உட்கார்ந்தால், ஒவ்வொரு பாக்கெட்டும் இரு சாக்கெட்டுக்கும் நடுவிலுள்ள பாலத்தைக் கடக்க வேண்டும். எங்கே உட்காருவது என்பதை ஒவ்வொரு முறையும் லினக்ஸின் ஷெட்யூலர் (வேலையைக் கோர்களுக்குப் பிரிப்பது) முடிவு செய்கிறது. கார்டின் டிவைஸ் கோப்பகத்தில் நியூமா நோட் என்ற கோப்பு இருக்கும், கார்டு எந்தச் சாக்கெட்டோடு சேர்ந்தது என்று அது சொல்லும். அதில் 0 என்றிருந்தால், நியூமாசிடிஎல் கட்டளை கொண்டு சிபியு, மெமரி இரண்டையும் நோட் 0-இல் கட்டுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. கார்டு, ஐபி முகவரிகளையும் போர்ட் எண்களையும் வைத்துக் கணக்குப் போட்டுத்தான் ஒரு ஸ்ட்ரீமை எந்த க்யூவுக்கு (பாக்கெட் காத்திருக்கும் வரிசை) அனுப்புவது என்று தீர்மானிக்கும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கிளையன்ட் போர்ட் மாறும். இரண்டு கனமான ஸ்ட்ரீம் ஒரே க்யூவில் விழுந்த நாளில் எண் இறங்கும். ஆகவே ஒரு ஓட்டத்தை நம்பாதீர்கள், பத்து ஓட்டுங்கள். கோரைக் கட்டி எடுத்த எண், கட்டாமல் எடுத்த எண் இரண்டையும் குறித்து வையுங்கள். முதலாவது கார்டின் திறன், இரண்டாவது உங்கள் பயனாளருக்குக் கிடைப்பது.

கேள்வி: ஆர்கே3588 சிப் உள்ள போர்டு, 2.5 ஜிகாபிட். சில சமயம் 2.35 வருகிறது, சில சமயம் இல்லை.

அதில் 0 முதல் 3 வரை சிறிய ஏ55 கோர்கள், 4 முதல் 7 வரை வேகமான பெரிய ஏ76. சோதனை சிறிய கோரில் விழுந்தால் எண் இறங்கலாம். சோதனையை 4-7-இல் கட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

கேள்வி: வீட்டு பைபர் பிபிபிஓஇ இணைப்பு (ஒவ்வொரு பாக்கெட்டையும் ஓர் உறைக்குள் வைத்து அனுப்பும் முறை). நான்கு கோர் மினி பிசியை ரவுட்டராக வைத்திருக்கிறேன். பல கனெக்‌ஷன் திறக்கும் டெஸ்டிலும் கோர் 0 மட்டும் நிரம்புகிறது.

பல கார்டுகளுக்கு பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும் ஐபி முகவரி தெரியாது. அதனால் வரும் எல்லாப் பாக்கெட்டையும் ஒரே க்யூவில் போட்டுவிடும். லினக்ஸில் இதற்கு ஆர்பிஎஸ் என்ற பங்கீட்டு வசதி இருக்கிறது. கெர்னல் உறையைப் பிரித்துப் பார்த்து வேலையைப் பிற கோர்களுக்குப் பங்கிடும். இணையப் பக்கக் கார்டின் ஆர்எக்ஸ்-0 க்யூவில் உள்ள ஆர்பிஎஸ் சிபியுஸ் கோப்பில், எந்தெந்தக் கோர் என்பதைக் குறிக்கும் பதினாறடிமான எண்ணாக 'எஃப்' என்று எழுதினால் நான்கு கோருக்கும் பிரியும். 'இ' என்று எழுதினால் கோர் 0 இன்டரப்ட்டை மட்டும் கவனிக்க, மற்ற மூன்றும் சுமையை ஏற்கும். நான் இரண்டாவதைத்தான் முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன். டெஸ்டை ரவுட்டரிலேயே ஓட்டாதீர்கள், அதற்குப் பின்னால் உள்ள கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள்.