கேள்வி-பதில்: போர் செய்யாத நாட்டில் போர் வரி

கேள்வி: முதல் உலகப் போரில் சுவிட்சர்லாந்து நடுநிலை நாடுதானே? அங்கே போர் வரி எதற்கு? அதற்கு மக்களிடம் ஓட்டு கேட்டார்களாமே?
- ஒரு வாசகர், கும்பகோணம்

நடுநிலை என்று அறிவித்தால் மட்டும் போதாது, எல்லையைக் காத்தாக வேண்டும். 1914 ஆகஸ்டில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் படைக்குத் திரட்டினார்கள். செலவு எகிறிய அதே வேளையில் வரவு விழுந்தது. மத்திய அரசின் கஜானாவை அன்று நிரப்பியது சுங்க வரி. போரால் இறக்குமதி குறைந்ததும் அதுவும் குறைந்தது. சொத்து, வருமானம் மீதான நேரடி வரியோ மாநிலங்களின் கையில் இருந்தது. அதை மத்திய அரசு தொட அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும். திருத்தம் என்றால் அங்கே வாக்கெடுப்பு கட்டாயம்; யாரும் கையெழுத்து திரட்டிக் கேட்க வேண்டியதில்லை. 1915 ஜூன் 6 அன்று ஓட்டுப் போட்டார்கள். ஆதரவு 94.3 சதவீதம்.

கேள்வி: வரி கட்ட 94 சதவீதம் பேர் சம்மதமா? நம்ப முடியவில்லை!
- ஒரு வாசகி, திருநெல்வேலி

இந்த ஒரு தடவைதான் என்று சொல்லிக் கேட்டதுதான் பெரிய காரணம். வசூலும் மாநிலங்கள் வழியாகவே நடந்தது. அவற்றுக்கு ஒரு பங்கும் கிடைத்தது. அதனால் அங்கிருந்து எதிர்ப்பு கிளம்பவில்லை. ஆனால் 94-ஐப் பார்த்து மயங்க வேண்டாம். 1917-ல் முத்திரை வரிக்குக் கிடைத்தது 53 சதவீதம்தான். 1918 ஜூனில், மத்திய அரசுக்கு நிரந்தர நேரடி வரி வேண்டும் என்று சோஷலிஸ்டுகள் கொண்டுவந்த யோசனையை 54 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். 'ஒரு தடவை' என்ற வரி 1919-ல் மறுபடி வந்தபோது ஆதரவு 65 சதவீதமாக இறங்கிவிட்டது. 1916-ல் போர் லாபத்தின் மீது போட்ட வரிக்கோ ஓட்டே கேட்கவில்லை. அவசரகால அதிகாரத்தில் போட்டார்கள். இன்னொன்று: இந்தக் கணக்கு முழுக்க ஆண்களின் ஓட்டு. தேசிய அளவில் பெண்களுக்கு வாக்குரிமை 1971-ல்தான் வந்தது.

கேள்வி: பாதிக்கு மேல் 'ஆம்' விழுந்தால் திருத்தம் நிறைவேறிவிடுமா?
- ஒரு மாணவர், சேலம்

அது மட்டும் போதாது. இரண்டு எண்ணிக்கையிலும் பாதியைத் தாண்ட வேண்டும். முதலாவது, நாடு முழுவதும் பதிவான செல்லும் ஓட்டுகளில் பாதிக்கு மேல். வெற்றுச் சீட்டு கணக்கில் சேராது. இரண்டாவது, மாநிலங்களில் பாதிக்கு மேல். ஒரு மாநிலத்து மக்களில் பெரும்பாலோர் சொன்னதுதான் அந்த மாநிலத்தின் ஓட்டு. பாசல் நகரம் போன்ற 6 மாநிலங்களுக்கு அரை ஓட்டுதான். இன்று மொத்தம் 23; பதினொன்றரைக்குப் பதினொன்றரை என்று சமமானால் தோல்வி. முதல் படியைத் தாண்டிவிட்டு இரண்டாவது படியில் சறுக்குவது அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. 2020 நவம்பரில், வெளிநாட்டில் தொழில் செய்யும் கம்பெனிகளின் பொறுப்பு பற்றிய யோசனைக்கு 50.7 சதவீத மக்கள் 'ஆம்' என்றார்கள். மாநிலங்களில் எட்டரைதான் தேறியது, யோசனை தோற்றது.

கேள்வி: அந்தப் போர் வரி இப்போதும் உண்டா?
- ஒரு வாசகர், ஈரோடு

வேறு பெயரில் உண்டு. 1941-ல் பாதுகாப்பு வரியாகத் திரும்பி வந்து, 1983 முதல் 'நேரடி மத்திய வரி' ஆனது. தனிநபர் வருமானத்தில் 11.5 சதவீதத்துக்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று அரசியல் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. இன்றும் அது கெடு வைத்த வரிதான்: 2018-ல் ஓட்டெடுத்து 2035 இறுதிவரை நீட்டித்தார்கள்.