பட்டை வண்டும் மர வாசனையும்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவின் கொலராடோவில் வீட்டைச் சுற்றி லாட்ஜ்போல் பைன் மரங்கள். ரோஸ்மேரி எண்ணெய் தெளித்தால் மரப்பட்டையைத் துளைக்கும் பட்டை வண்டு வராதா?

பதில்: யோசனை சரி, வழிதான் சரியில்லை. உங்கள் பைனைத் தாக்கும் பட்டை வண்டான மலைப் பைன் வண்டு ஒரு மரத்தைத் துளைத்ததும் வாசனை விட்டுக் கூட்டத்தைக் கூப்பிடும், ஏனென்றால் தனியாக வந்தால் மரத்தின் பிசினிலேயே சிக்கிச் சாகும். மரம் நிரம்பியதும் அதே வண்டுகளும் அவற்றோடு வாழும் நுண்ணுயிர்களும் வெர்பினோன் என்ற மணப்பொருளை விடும், அப்புறம் வருகிறவை இங்கே இடமில்லை என்று விலகிவிடும். சில வகை ரோஸ்மேரியிலும் வெர்பினோன் உண்டு. ஆனால் தெளித்த எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும், வண்டு பறப்பதோ வாரக்கணக்கில். மெதுவாகக் கசியும் 7 கிராம் வெர்பினோன் பைகளை மரத்துக்கு 2 வீதம், ஜூன் முடிவதற்குள் மாட்டுங்கள். வண்டு புகுந்துவிட்ட மரத்தில் மாட்டிப் பயனில்லை.

கேள்வி: டக்ளஸ் ஃபிர் மரத்துக்கும் இதேதானா?

பதில்: இல்லை, அதற்கு எம்சிஎச் என்ற வேறொரு விரட்டும் மணப்பொருள். டக்ளஸ் ஃபிரைத் தாக்கும் வண்டு வசந்தத்திலேயே பறக்கும், ஏப்ரலுக்கு முன் மாட்டிவிடுங்கள்.

கேள்வி: லாவெண்டர் எண்ணெய்?

பதில்: ரோஸ்மேரிக்குச் சொன்னதேதான். வண்டு புகுந்த மரத்துக்கு எந்த வாசனையும் மருந்தில்லை.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் பட்டுப்போன பைனை வெட்ட மறுக்கிறார். சட்டம் என்ன?

பதில்: மாநில வனத்துறையைக் கேளுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் 2018 வறட்சிக்குப் பிறகு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுகள் காய்ந்து நிற்கின்றன. நடுவே பிர்ச் நட்டால் போதாதா, பை எதற்கு?

பதில்: பிர்ச், ஆஸ்பென் மரங்களின் இலையும் பட்டையும் விடும் ஹெக்ஸனால் போன்ற ஆல்கஹால்களை முகர்ந்தால் ஸ்ப்ரூஸைத் தாக்கும் பட்டை வண்டு இது நம் மரமில்லை என்று ஒதுங்கும், உண்மைதான். இந்த மணங்களை வெர்பினோனோடு சேர்த்து ஸ்ப்ரூஸில் மாட்டிய சோதனைகளில் தாக்குதல் குறைந்தது. கலப்புக் காடு வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன், ஆனால் இன்று நடும் கன்று இந்தக் கோடைக்கு உதவாது.

கேள்வி: விடமாட்டேன். விரட்டிய வண்டு அடுத்த மரத்துக்குத்தானே போகும்? இது தீர்வா?

பதில்: போகும். வாசனை கொல்லாது, திருப்பிவிடும், அவ்வளவுதான். அதனால்தான் தாக்கப்பட்ட மரங்களை, உள்ளே இருக்கும் புது வண்டுகள் வெளியேறும் முன்பே வெட்டி அப்புறப்படுத்தவோ பட்டை உரிக்கவோ சொல்கிறேன். வண்டு பெருகிவிட்டால் பை தோற்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப் பைன் வண்டால் பாதிப்பு 1.8 கோடி ஹெக்டேர், லார்வாக்களைக் கொல்லும் கடுங்குளிர் வராத ஆண்டுகள் தொடர்ந்ததும் ஒரு காரணம். அந்த அளவுக்குப் போனபின் எத்தனை பை மாட்டுவீர்கள்?

கேள்வி: யூகலிப்டஸ் எண்ணெய்?

பதில்: மூன்றாவது எண்ணெய்! மேலே படியுங்கள். முதலில் பட்டையில் பிசின் கட்டிகளும் அடியில் மரத்தூளும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எண்ணெயை விடுங்கள், மரம் வெட்டுபவரைக் கூப்பிடுங்கள்.