வீட்டில் வாசிக்கிறான், பள்ளியில் வாய் திறப்பதில்லை

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வீட்டில் என் மடியில் உட்கார்ந்து முழுக் கதையையும் தடங்கலில்லாமல் வாசிக்கிறான். பள்ளியில் வாயே திறப்பதில்லையாம். "நிறுத்திவிட்டு நீயே சொல்லிக்கொடு. பத்தாம் வகுப்பைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதிக்கொள்ளலாம்" என்கிறார் என் நாத்தனார். செய்யலாமா டீச்சர்?
– ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. நாத்தனார் சொல்லும் வழி இருக்கிறது. 14 வயது நிறைந்தால் அந்தத் தேர்வை எழுதலாம். உங்கள் பையனுக்கு ஏழுதானே ஆகியிருக்கும்? அதற்கு இன்னும் ஏழு வருடம் கிடக்கிறது அவனுக்கு.

வீட்டில் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் ஒருநாள்கூட உட்காராமல் நேராக இரண்டாம் வகுப்புக்கு வந்தவர்கள் எனக்குப் பதினொரு பேர். அதில் ஒருத்தியின் அம்மா இட்லிக் கடை வைத்திருந்தார். நூறு ரூபாய் கொடுத்து அறுபத்தைந்துக்குச் சாப்பிட்டால் மீதி எவ்வளவு என்று நான் கேட்டு முடிப்பதற்குள் "முப்பத்தஞ்சு" என்பாள். அதையே பலகையில் 100 – 65 என்று எழுதினால் விழித்தாள். கணக்கு அவளிடம் இருந்தது, எழுதத்தான் தெரியவில்லை. மூன்றே வாரத்தில் பிடித்துக்கொண்டாள்.

அவர்களுக்குச் சீக்கிரம் வராதது வேறு. பக்கத்தில் இருப்பவன் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருப்பது, ஒரே ரப்பரை இரண்டு பேர் வைத்துக்கொள்வது, தப்பாகச் சொல்லிவிட்டு மறுபடியும் கை தூக்குவது. இதற்கெல்லாம் அந்த வருடம் முழுவதும் ஆனது.

அப்போதுதான் எங்கள் ஊரில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டமும் தொடங்கியது. தன்னார்வலர் பெண்ணின் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் இருபது பிள்ளைகள் உட்காருவார்கள். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். வகுப்பில் என்னிடம் ஒரு சொல்கூடப் பேசாத பையன், நான்காம் வகுப்புப் பெண்ணின் தோளில் சாய்ந்துகொண்டு சத்தமாக எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தான். அதன் பிறகு வகுப்பிலும் அவனை என் மேசைக்குப் பக்கத்தில் வைக்காமல், பிள்ளைகள் நடுவில் உட்கார வைத்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

நீங்கள் வகுப்பு டீச்சரைப் போய்ப் பாருங்கள். அவன் வாசிப்பதைச் செல்போனில் பதிவு செய்து எடுத்துப் போங்கள். அவர் அவன் குரலையே கேட்டிருக்க மாட்டார். 2022-இல் எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். வாய் திறக்காத பிள்ளை அடிநிலையான அரும்பில் போய் உட்கார்ந்துவிடும். சரளமாகக் கதை வாசிப்பவனுக்கு அங்கே 'அ, ஆ' கேட்டுக்கொண்டிருந்தால் பேச என்ன இருக்கிறது? எந்த நிலையில் இருக்கிறான், யார் பக்கத்தில் உட்காருகிறான் என்று கேளுங்கள். யாராவது அடிக்கிறார்களா, கழிப்பறைக்குப் போகப் பயப்படுகிறானா என்பதை அவனிடமே, தூங்கப் போகும் நேரத்தில் மெதுவாக விசாரியுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் ஒருநாளும் தாமதிக்காமல் தலைமையாசிரியரிடம் போங்கள்.

வருகிற சனிக்கிழமை அவன் வகுப்புப் பிள்ளை ஒன்றை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். உங்களுக்கு வாசிக்கும் அதே கதையை அந்தப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டட்டும். நீங்கள் அடுப்படியில் இருந்துகொள்ளுங்கள்.